எல்எஃப்டி ரிப்போர்ட்டில் எண் ஏறியிருக்கிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கோபிசெட்டிபாளையத்தில் என் கிளினிக்குக்கு வாரத்தில் நாலைந்து பேராவது இப்படி வருகிறார்கள். கையில் எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், அதில் லேப்காரர்கள் தடித்த எழுத்தில் அடித்த இரண்டு மூன்று எண்கள். உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும்: “ஏனுங்க டாக்டரே, கல்லீரல் போயிருச்சுங்களா?” அந்த எண்களை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. உடம்பில் என்ன தொந்தரவு, எந்த எண் எந்த எண்ணோடு சேர்ந்து ஏறியிருக்கிறது, போன தடவை எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வழி தெரியும். அதனால் தொந்தரவு வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கோ, உங்களிடம் ரிப்போர்ட்டோடு வருகிறவருக்கோ பொருந்துகிற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் வரும் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த எண் எதைச் சொல்கிறது

எங்கள் ஊர்ப்பக்கம் தறிப்பட்டறை பார்க்காதவர்கள் குறைவு. பட்டறைக்குள் நுழைந்தால் கீழே எவ்வளவு நூல் அறுந்து கிடக்கிறது என்று தெரியும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் அந்த அறுந்த நூல் மாதிரி. கல்லீரல் செல் அடிபட்டால் உள்ளே இருக்கும் இந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். எவ்வளவு அடி என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். பட்டறையில் துணி எத்தனை மீட்டர் இறங்குகிறது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்வது ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் கணக்கு), பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப் பொருள்) ஆகிய மூன்றும். எல்எஃப்டி என்றால் கல்லீரல் வேலைப் பரிசோதனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வேலையை நேராகச் சொல்லும் ஐஎன்ஆர் பெரும்பாலான எல்எஃப்டி தாளில் இருப்பதே இல்லை, தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பட்டறை மூடிக்கிடந்தாலும் கீழே நூல் கிடக்காது. 2,000 இருந்த எஸ்ஜிபிடி 300-க்கு இறங்கியது என்று குடும்பமே சந்தோஷப்படும்போது, பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டிருந்தால் அது ஆபத்தின் அடையாளம். கசிவதற்குச் செல் மிச்சமில்லை என்று அர்த்தம்.

ஆல்புமின் மெதுவாக இறங்கும். ரத்தத்தில் இருப்பதில் பாதி தீரவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். எனவே குறைந்த ஆல்புமின் நாள்பட்ட கோளாறைக் காட்டும். சிறுநீரில் புரதம் போனாலும் ஆல்புமின் குறையும் என்பதால் கூடவே யூரின் டெஸ்ட்டும் பாருங்கள். ஐஎன்ஆர் ஓரிரு நாளிலேயே மாறிவிடும், அதனால் திடீர்ப் பாதிப்புக்கு அதைத்தான் நம்புவேன்.

எந்தப் பக்கம் கோளாறு: செல்லிலா, குழாயிலா

ஒரு சின்ன வகுத்தல் போதும். உங்கள் எஸ்ஜிபிடி, லேப் போட்டிருக்கும் மேல் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். பித்தம் தேங்கினால் ஏறும் நொதியான அல்கலைன் பாஸ்பட்டேஸுக்கும் அதையே செய்யுங்கள். முதல் மடங்கை இரண்டாவது மடங்கால் வகுங்கள். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் செல்லில் அடி. 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் பித்தம் போகும் வழியில் தடை. இடையில் வந்தால் இரண்டும் கலந்தது.

எஸ்ஜிபிடி 320, எல்லை 40 என்றால் 8 மடங்கு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் 180, எல்லை 120 என்றால் ஒன்றரை மடங்கு. வகுத்தால் 5.3, ஆகவே கோளாறு செல்லில். எஸ்ஜிபிடி 100, அல்கலைன் 480 என்று வந்தால் 0.6. அப்போது கிருமி டெஸ்ட்டுக்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

உடம்பு மஞ்சள், கண் வெள்ளை

இது ஈரோட்டு மஞ்சள் விளைகிற மண். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தைப் பார்த்துக் காமாலை என்று பயந்து வந்தவர்கள் உண்டு. கேரட், பப்பாளி நிறையச் சாப்பிட்டாலும் உள்ளங்கை மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பாருங்கள். விழி வெள்ளையாகவே இருந்தால் அது பிலிருபின் செய்த வேலை அல்ல.

ஒரு தொந்தரவும் இல்லை, பிலிருபின் மட்டும் 2-ஐ ஒட்டி

இன்டைரக்ட் பிலிருபின் (கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாதது) மட்டும் அதிகம், நொதிகள் எல்லாம் சரி, ஹீமோகுளோபினும் சரி என்றால் பெரும்பாலும் கில்பர்ட். பிறவியிலேயே பிலிருபினைப் பக்குவப்படுத்தும் நொதி கொஞ்சம் மந்தம். இது நோய்க் கணக்கில் வராது. பட்டினி கிடந்தால் ஏறும், காய்ச்சலில் ஏறும். கந்த சஷ்டி விரதம் இருந்துவிட்டு ஆறாம் நாள் ரத்தம் கொடுத்த ஒரு கல்லூரிப் பையனுக்கு 3.1 வந்தது. வீட்டில் ஒரே கலக்கம். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட வைத்து மறுபடி பார்த்தபோது 1.6.

கில்பர்ட் என்று எழுதும் முன் ரெட்டிகுலோசைட், அதாவது புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் எண்ணிக்கையை ஒரு தடவை பாருங்கள். அது ஏறியிருந்து ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் ரத்த அணு உடைகிறது, அது வேறு பாதை. கில்பர்ட் உறுதியானால் மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம். கல்யாணப் பேச்சில் இதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்ஜிஓடி மட்டும் எகிறியிருக்கிறது

எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது, இதயத்திலும் இருக்கிறது, ரத்தச் சிவப்பணுவிலும் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்த அடுத்த நாள் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக் கல்லீரலைக் குறை சொல்லக் கூடாது. ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கும் இதே கதைதான். சிபிகே என்று தசை நொதிக்கு ஒரு டெஸ்ட் சேர்த்துப் பாருங்கள். அது ஆயிரக்கணக்கில் இருந்தால் எண் தசையிலிருந்து வந்தது. ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் இறங்கியிருக்கும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்துபோன சாம்பிளும் இதே வேலையைச் செய்யும்.

தொந்தரவு இல்லை, மாஸ்டர் செக்கப்பில் எஸ்ஜிபிடி 50 முதல் 150

அதிகம் பேர் வருவது இதற்குத்தான், அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். “லேசாத்தான் ஏறியிருக்கு” என்று ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஐந்து வருஷம் கழித்து அதே ஆள் வயிறு வீங்கி வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் அந்த “லேசு” இருக்கும். எனக்கே அப்படி ஒருவர் விஷயத்தில் நடந்திருக்கிறது. அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லை எது என்ற கேள்வி. லேப் தாளில் 40, 45, சில இடங்களில் 55 கூடப் போட்டிருப்பார்கள். ஆரோக்கியமான ஆணுக்கு எஸ்ஜிபிடி 33-ஐயும், பெண்ணுக்கு 25-ஐயும் தாண்டக் கூடாது என்பதே இப்போது கல்லீரல் மருத்துவர்கள் பலர் எடுத்துக்கொள்ளும் கணக்கு. 44 வந்த பெண்ணின் தாளில் தடித்த எழுத்து இருக்காது. அவருக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து. கடையில் தானாக வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, சித்த மருந்து, ஜிம் பவுடர், ஊசி என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். காசநோய் மருந்தில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக் கூடியவை. வாந்தி, மஞ்சள் இருந்து எஸ்ஜிபிடி எல்லையைப் போல 3 மடங்கைத் தாண்டினாலும், தொந்தரவே இல்லாமல் 5 மடங்கைத் தாண்டினாலும் நிறுத்திவிட்டு மாற்று வழி பார்க்க வேண்டும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரையில் லேசாக ஏறியதற்காக அதை நிறுத்தி மாரடைப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம், 3 மடங்குக்குள் இருந்தால் தொடரலாம்.

சீந்தில் கொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று தினமும் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் விளைவிக்கிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

மூன்றாவது, மது. “எப்பவாச்சும்தானுங்க” என்பதை அளவாக மாற்றுங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அது ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஆணுக்கு நாளைக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் தாண்டினாலே கல்லீரலில் இருக்கும் கொழுப்பில் மதுவுக்கும் பங்கு உண்டு என்று எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் அடையாளம்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்கு, ஜிஜிடி (மதுவிலும் பித்தம் தேங்கினாலும் ஏறும் நொதி) அதிகம், ரத்தச் சிவப்பணுவின் அளவு பெரிது. மதுவால் மட்டும் எஸ்ஜிஓடி 300-400-ஐத் தாண்டுவது அபூர்வம். தாண்டினால் கூடவே வேறொன்று இருக்கிறது, பெரும்பாலும் உடம்பு வலிக்குப் போட்ட பாராசிட்டமால்.

மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அளவு மாறும். பிறகு மனைவியை மட்டும் கூப்பிட்டுக் கேளுங்கள், மறுபடியும் மாறும்.

நான்காவது, ஹெபடைடிஸ் பி, சி. எண் எவ்வளவு சின்னதாக ஏறியிருந்தாலும் ஒரு தடவை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். சி கிருமியை 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒழித்துவிடலாம். பி-யைக் கட்டுக்குள் வைக்கலாம், வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடலாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் இரண்டுக்கும் மருந்து இலவசம்.

இவை எதுவும் இல்லையென்றால் மிச்சம் கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை, தொப்பை, ட்ரைகிளிசரைடு மூன்றில் ஒன்றாவது இருக்கும். இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும்.

ஸ்கேனில் “கிரேடு 1”, “கிரேடு 2” என்று வந்ததைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கிரேடு என்பது கொழுப்பின் அளவு. நமக்குத் தெரிய வேண்டியது தழும்பு விழுந்திருக்கிறதா என்பது. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு, செலவே இல்லை. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையால் பெருக்குங்கள், 1.8 லட்சம் என்றால் 180 என்று போடுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணு 1.8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 2,496-ஐ 1,440-ஆல் வகுக்க 1.73 வரும். 1.3-க்குக் கீழே நிம்மதி. 2.67-க்கு மேலே கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் வந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வையுங்கள். 35 வயதுக்குள் இருப்பவர்களிடமும், புதிதாகக் காமாலை கண்டவர்களிடமும் இந்தக் கணக்கு உதவாது.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தழும்பும் கூட இறங்கும். 80 கிலோ ஆளுக்கு 6 முதல் 8 கிலோ. எந்த டானிக்கும் இதற்கு ஈடில்லை.

பசியே இல்லை, குமட்டல், கண் மஞ்சள், எஸ்ஜிபிடி ஆயிரத்துக்கு மேல்

இந்த அளவுக்கு எண்ணைக் கொண்டுபோகும் காரணங்கள் சிலதான்: வைரஸ் ஹெபடைடிஸ், மருந்து அல்லது நஞ்சு, ரத்த ஓட்டம் நின்றுபோய் கல்லீரல் வாடுவது. எப்போதாவது தன்னெதிர்ப்பு அழற்சியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவது), பித்தக் கல் நகர்ந்து குழாயை அடைத்த முதல் நாளும்.

ஹெபடைடிஸில் ஏ, ஈ இரண்டும் தண்ணீர் வழியாக வருபவை. தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பிணிக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், ஈ வகை உயிருக்கே ஆபத்து. அவரை ஒரு நாள் கூட வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பி கிருமியைப் போக்குகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை, எந்த மருந்தும் இல்லாமல் சில வாரத்தில் தானாக இறங்குவது. அந்தச் சில வாரத்தில் எது கொடுத்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. அம்மாயி அரைத்துக் கொடுக்கும் ஒரு கொத்துக் கீழாநெல்லியோடு நான் சண்டை போடுவதில்லை. பெயர் தெரியாத பச்சிலை, கண்ணில் விடும் சொட்டு, கையில் சூடு, இவை வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியம், மூன்று தடவை மருந்து குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஐஎன்ஆர் பார்க்காமல் ஒரு வாரத்தைக் கடத்தாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும். எலி மருந்தோ பூச்சி மருந்தோ தெரிந்தோ தெரியாமலோ வாயில் போயிருந்தால், ஆள் தெம்பாக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முதல் இரண்டு நாள் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு கல்லீரல் விழும் வகை உண்டு. பாராசிட்டமால் அதிகமானாலும் இதே போல்தான், ஆனால் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் வேலை செய்யும். மனம் உடைந்திருக்கிறவர் வீட்டில் இருந்தால், பேசுவதற்கு 104 என்ற எண்ணில் ஆள் இருக்கிறார்கள்.

மஞ்சளோடு தூக்கம் மாறுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, ஈறில் ரத்தம், ஐஎன்ஆர் 1.5 அல்லது அதற்கு மேல்: இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தீவிர சிகிச்சையும் கல்லீரல் நிபுணரும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குணமாகும்போது ஒரு குழப்பம் வரும். சிறுநீர் தெளிந்துவிடும், பசி வந்துவிடும், கண் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். பிலிருபினில் ஒரு பங்கு ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போகும். பயப்பட வேண்டாம்.

காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து

வைரஸ் ஹெபடைடிஸில் மஞ்சள் தெரியும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். மஞ்சள் வந்த பிறகும் காய்ச்சல் அடித்தால் வேறு இடத்தில் தேடுங்கள். தடப்பள்ளி வாய்க்கால் பாசன வயலில் நாற்று நட்டவர், கெண்டைக்கால் சதை தொட முடியாத வலி, கண் சிவப்பு, பிலிருபின் 14, எஸ்ஜிபிடி வெறும் 90, சிறுநீரகத்தைச் சொல்லும் கிரியாட்டினினும் ஏற்றம் என்றால் அது எலிக்காய்ச்சல். மஞ்சள் இவ்வளவு, நொதி இவ்வளவுதான் என்ற பொருத்தமின்மையே அடையாளம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே கருப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சல். துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும். டெங்குவில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியை விட அதிகம் இருக்கும், மஞ்சள் பெரும்பாலும் இருக்காது.

வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், இருமினால் பிடிக்கிறது, அல்கலைன் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் கல்லீரலில் சீழ்க்கட்டி. குடிப்பழக்கம் உள்ள நடுவயது ஆண்களிடம் அதிகம் பார்க்கிறேன். ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும்.

அரிப்பு, வெளிறிய மலம், அடர்ந்த சிறுநீர்

அல்கலைனும் ஜிஜிடியும் சேர்ந்து ஏறினால் பித்தம் தேங்குகிறது. அல்கலைன் மட்டும் ஏறி ஜிஜிடி சரியாக இருந்தால் அது எலும்பிலிருந்து வருகிறது. வளரும் பிள்ளைகளுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இப்படி வரும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும்.

ஸ்கேனில் குழாய் விரிந்திருந்தால் அடைப்பு. விட்டு விட்டு வலியோடு வந்தால் கல். வலியே இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் கூடி, எடையும் குறைந்தால் கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று சிடி எடுத்தே ஆக வேண்டும். குளிர் நடுக்கக் காய்ச்சல், வலது பக்க வலி, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் குழாயில் சீழ். அன்றைக்கே ஈஆர்சிபி (எண்டோஸ்கோபி வழியாகப் பித்தக் குழாய் அடைப்பை எடுப்பது) செய்யும் இடத்துக்குப் போங்கள்.

குழாய் விரியவில்லை, நடுவயதுப் பெண், மாதக்கணக்கில் அரிப்பு என்றால் ஏஎம்ஏ டெஸ்ட் பாருங்கள், கல்லீரலின் சிறு பித்தக் குழாய்களை உடம்பே தாக்கும் நோயைக் காட்டும். தோல் மருந்து பூசியே வருஷம் போனவர்கள் இருக்கிறார்கள்.

வயிறு வீக்கம், கால் வீக்கம், ஆனால் “எல்எஃப்டி நார்மல்”

எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 22. தடித்த எழுத்து இல்லை. ஆனால் ஆல்புமின் 2.6, ஐஎன்ஆர் 1.7, தட்டணு 72,000. இதுதான் மூடிக்கிடக்கும் பட்டறை. தட்டணு குறைந்தால் டெங்கு என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். கல்லீரல் இறுகி மண்ணீரல் வீங்கினாலும் குறையும்.

வயிற்று நீரை ஊசியில் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்து 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், கல்லீரலுக்குள் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியதால் வந்த நீர், பெரும்பாலும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகியது. குறைவாக வந்தால் காசநோய், புற்று பக்கம் தேட வேண்டும். சிரோசிஸ் என்றால் எண்டோஸ்கோபி ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும். வலி மாத்திரை கூடவே கூடாது. கருப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் 108.

சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது. காமாலை என்றதும் வெறும் கஞ்சியில் போட்டுவிடுகிறார்கள், ஆள் கரைந்துபோகிறார். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, முட்டை, தயிர், அரிசியும்பருப்புச் சாதம் எல்லாம் கொடுக்கலாம். படுக்கும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். குறைக்க வேண்டியது உப்பை.

சின்ன வயசு, காரணம் தெரியவில்லை

இளம் பெண், ரத்தத்தின் இன்னொரு வகைப் புரதமான குளோபுலின் 4.5, ஆல்புமினை விட அதிகம் என்றால் தன்னெதிர்ப்பு அழற்சி. அதைக் காட்டும் ஏஎன்ஏ, ஐஜிஜி டெஸ்ட்டுகளைப் பாருங்கள், ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். நாற்பது வயதுக்குள் யாராக இருந்தாலும், அதிலும் அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களாக இருந்தால், வில்சன் நோயைத் தேட வேண்டும். செம்பு உடம்பில் தேங்குவது. கையெழுத்து மாறியிருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று கேளுங்கள். அடையாளம்: செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் 20-க்குக் கீழே, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமுக்கு மேல், கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். காமாலையோடு ரத்தச் சிவப்பணுவும் உடைந்து, அல்கலைன் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால் இன்னும் அவசரம்.

உறுதியானால் மருந்து ஆயுள் முழுக்க, ஒரு நாள் விடக் கூடாது. அப்புறம், கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் அந்த வாரமே கூட்டிவரச் சொல்லுங்கள். நாலில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. தொந்தரவு தொடங்கும் முன்பே மருந்து தொடங்கினால், அந்தத் தம்பியோ தங்கையோ கல்லீரல் கெடாமலேயே வளர்ந்து பெரியவராகிவிடலாம்.